பிஜே போலீசுக்கு யார் பொறுப்பு? நாம் ஓட்டுப் போட்டவர் கையில் என்ன இருக்கிறது?

பெட்டாலிங் ஜெயாவில் இரவு வேலை முடிந்து, எல்.ஆர்.டி. நிலையத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வரும் ஒருவரின் கைப்பை பறிபோகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்தாகிவிட்டது. மறுநாள் காலையில் தாமான் வாட்ஸ்அப் குழு சூடாகிறது.

"ரோந்து வண்டியே வர்றதில்லை." "நம்ம ஒய்.பி. என்ன செய்றாரு?" "ஓட்டு கேட்க மட்டும் வீடு வீடா வந்தாரே?"

ஒய்.பி.க்கு மெசேஜ் போகிறது. "மாவட்ட போலீஸ் தலைவரிடம் பேசுகிறேன்" என்று பதில் வருகிறது. அவர் பேசலாம். கடிதம் எழுதலாம். அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

சட்டப்படி பார்த்தால், ஏறக்குறைய ஒன்றும் இல்லை.

உள்ளூர் அரசியல்வாதி ஒருவர் தன் வட்டாரத்துப் போலீசைக் கண்காணித்தால் எப்படி இருக்கும்? இங்கிலாந்து அதைச் செய்து பார்த்தது. 2012-இல் தொடங்கிய அந்த ஏற்பாட்டை 2028-இல் மூடப்போவதாக பிரிட்டிஷ் அரசாங்கம் 2025 நவம்பரில் அறிவித்தது. அங்கே என்ன நடந்தது, அதிலிருந்து பிஜேவில் இருக்கும் நாம் என்ன தெரிந்துகொள்ளலாம் என்று பார்ப்போம்.

சிலாங்கூர் அரசாங்கத்துக்குப் போலீஸ் மேல் அதிகாரம் இல்லையா?

இல்லை. மலேசியாவில் போலீஸ் என்பது கூட்டரசு விவகாரம். கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில், உள்நாட்டுப் பாதுகாப்பும் போலீசும் கூட்டரசுப் பட்டியலில் உள்ளன.

பிஜே மாவட்ட போலீஸ் தலைவருக்கு மேலே ஷா ஆலாமில் சிலாங்கூர் மாநில போலீஸ் தலைவர் இருக்கிறார். அவருக்கு மேலே புக்கிட் அமானில் தேசிய போலீஸ் படைத் தலைவர். அவர் பொறுப்பில் உள்ள படை உள்துறை அமைச்சின் கீழ் வருகிறது. இந்தச் சங்கிலியில் மந்திரி பெசாருக்கு இடம் இல்லை. சட்டமன்ற உறுப்பினருக்கும் இல்லை, பிஜே டத்தோ பண்டாருக்கும் இல்லை.

பாதுகாப்பு குறித்த கூட்டங்களில் மந்திரி பெசாரும் மாநில போலீஸ் தலைவரும் ஒரே மேசையில் உட்காருவதுண்டு. ஆனால் சேர்ந்து உட்காருவது வேறு, உத்தரவு போடுவது வேறு.

பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை போன்றவற்றைப் பார்ப்பது அரசியலமைப்பின் 140-வது விதியின் கீழ் இயங்கும் போலீஸ் படை ஆணையம். அதன் தலைவர் உள்துறை அமைச்சர். தேசிய போலீஸ் படைத் தலைவரும் அதில் உறுப்பினர். அதாவது போலீஸ்காரர் தப்பு செய்தாரா, அவருக்கு என்ன தண்டனை என்று முடிவு செய்யும் இடத்தில் போலீஸ் தலைவரும் இருக்கிறார்.

ஏன் இப்படி வைத்தார்கள்?

"உள்ளூர் அரசியல் போலீசுக்குள் புகக் கூடாது" என்பது பழைய வாதம். ஒரு வட்டாரத் தலைவர் தனக்கு வேண்டாதவரைப் பிடித்து உள்ளே போடச் சொன்னால் என்ன ஆவது? அந்தப் பயம் நியாயமானதுதான்.

ஆனால் உச்சியில் இருக்கும் உள்துறை அமைச்சரும் அரசியல்வாதிதானே! 2022 டிசம்பரில் அந்தப் பொறுப்புக்கு வந்த சைஃபுடின் நசுத்தியோன் இஸ்மாயில், அதற்கு முந்தைய மாதம் நடந்த 15-வது பொதுத் தேர்தலில் கெடாவின் கூலிம் பண்டார் பாரு தொகுதியில் தோற்றவர். பிறகு செனட்டராகி அமைச்சரானார். இது முழுக்கச் சட்டப்படியானதுதான். ஆனால் பிஜேயிலிருந்து பார்த்தால் ஒன்று புரியும்: போலீசின் மேலுள்ள அரசியல் அதிகாரம் எந்த வாக்காளருக்கும் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் இல்லாமலும் இருக்க முடியும்.

இந்த இடைவெளி சிலாங்கூரில் எப்போது தெரிந்தது?

2008 மார்ச் தேர்தலில் சிலாங்கூர், எதிர்க்கட்சிக் கூட்டணியின் கைக்குப் போனது. மாநிலத்தில் ஓர் அரசாங்கம், புத்ராஜெயாவில் வேறோர் அரசாங்கம்.

2009 ஜனவரியில், சுபாங் ஜெயாவில் உள்ள தைப்பான் போலீஸ் நிலையத்தில் தடுத்து வைக்கப்பட்டிருந்த ஓர் இந்திய இளைஞர் இறந்தார். அவர் உடலில் இருந்த காயங்களின் படங்கள் நாடு முழுவதும் பேசப்பட்டன. இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் பலருக்கு அந்தப் பெயர் வீட்டில் கேட்டுப் பழகிய பெயராக இருக்கும்.

மாநில அரசாங்கம் கண்டனம் தெரிவிக்க முடிந்தது. அரசியல்வாதிகள் குடும்பத்தின் பக்கம் நிற்க முடிந்தது. ஆனால் ஒரு போலீஸ்காரரையாவது இடைநீக்கம் செய்ய, ஒரு கோப்பையாவது வரவழைத்துப் பார்க்க, மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை.

கடைசியில் வழி திறந்தது நீதிமன்றத்தில். குடும்பம் தொடுத்த சிவில் வழக்கில், 2013 ஜூனில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் 801,700 ரிங்கிட் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. சம்பவம் நடந்தபோது சிலாங்கூர் போலீஸ் தலைவராக இருந்தவரையும் நீதிமன்றம் பொறுப்பாளியாக்கியது. தீர்ப்பு வந்த நேரத்தில் அவர் தேசிய போலீஸ் படைத் தலைவராகியிருந்தார். மேல்முறையீடுகள் அதன் பிறகும் தொடர்ந்தன.

நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆனது, ஒரு கேள்விக்கு முதல் பதில் கிடைக்க. அதுவும் ஒரு குடும்பம் வழக்கறிஞர்களோடு சேர்ந்து விடாமல் போராடியதால் கிடைத்தது.

சரி, உள்ளூரிலேயே ஒருவரைத் தேர்ந்தெடுத்து "போலீசைப் பார்த்துக்கொள்" என்று சொன்னால் என்ன?

இதைத்தான் இங்கிலாந்தும் வேல்ஸும் செய்தன. 2011-இல் சட்டம் வந்தது. 2012 நவம்பரில் 41 போலீஸ் வட்டாரங்களில் தேர்தல் நடந்தது. வெற்றி பெற்றவருக்குப் பதவிப் பெயர், போலீஸ் மற்றும் குற்றவியல் ஆணையர்.

பெயரைப் பார்த்து அவரை யூனிஃபார்ம் போட்ட அதிகாரி என்று நினைத்துவிடாதீர்கள். அவர் அரசியல்வாதி. பெரும்பாலும் ஒரு கட்சியின் சின்னத்தில் நின்று ஜெயித்தவர். அவரால் செய்ய முடிந்தவை:

– வட்டாரப் போலீசின் பட்ஜெட்டை முடிவு செய்வது
– எந்தக் குற்றங்களுக்கு முன்னுரிமை என்று திட்டம் வகுப்பது
– வட்டாரப் போலீஸ் தலைவரை நியமிப்பது, தேவைப்பட்டால் நீக்குவது

யாரைக் கைது செய்ய வேண்டும், எந்த வழக்கை விட்டுவிட வேண்டும் என்று அவர் சொல்ல முடியாது. அன்றாட வேலையில் போலீஸ் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்பது விதி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் தேர்தலிலேயே ஓட்டுப் போட வந்தவர்கள் சுமார் 15 விழுக்காட்டினர் மட்டுமே.

ஷோன் ரைட் யார்? அவர் கதை ஏன் முக்கியம்?

வட இங்கிலாந்தில் உள்ளது தெற்கு யார்க்‌ஷர். அதில் ரோதர்ஹாம் என்ற ஊர். ஷோன் ரைட் அந்த ஊரின் நகராட்சி மன்றத்தில் தொழிலாளர் கட்சி உறுப்பினர். 2005 முதல் 2010 வரை, சிறுவர் மற்றும் இளையோர் சேவைகளுக்கு அரசியல் பொறுப்பு அவரிடம் இருந்தது. நம் ஊர் கணக்கில், ஓர் ஆட்சிக்குழு உறுப்பினர் போல.

2012 நவம்பரில் அவர் தெற்கு யார்க்‌ஷரின் முதல் போலீஸ் ஆணையராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நகராட்சியில் ஆரம்பித்து ஒரு வட்டாரத்தின் போலீசையே கண்காணிக்கும் இடம் வரை போனது, ஓர் உள்ளூர் அரசியல்வாதிக்குப் பெரிய உயர்வுதான்.

2014 ஆகஸ்ட் 26 அன்று பேராசிரியர் அலெக்சிஸ் ஜே தயாரித்த அறிக்கை வெளிவந்தது. 1997 முதல் 2013 வரை ரோதர்ஹாமில் குறைந்தது சுமார் 1,400 சிறார்கள் பாலியல் ரீதியாகச் சுரண்டப்பட்டிருக்கலாம் என்று அது மதிப்பிட்டது. எச்சரிக்கைகள் வந்தும் நகராட்சியும் போலீசும் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை என்றது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஐந்து ஆண்டுகள் சிறுவர் சேவைக்குப் பொறுப்பாக இருந்தவர்தான், தவறு செய்த அதே போலீசைக் கண்காணிக்கும் நாற்காலியில் இருக்கிறார்.

"போங்க" என்றார்கள். அவர் போகவில்லை

நகராட்சித் தலைவர் அறிக்கை வந்த அன்றே விலகினார். ரைட் விலகவில்லை. பிரச்சினையின் அளவு அன்று தனக்குத் தெரியாது என்றார்.

பிரதமர் டேவிட் கேமரன் அவர் விலக வேண்டும் என்றார். உள்துறை அமைச்சர் தெரேசா மேயும் அதையே சொன்னார். அவருடைய சொந்தக் கட்சியும் சொன்னது. ரைட் கட்சியைத்தான் விட்டார், பதவியை விடவில்லை. அவரைக் கண்காணிக்க இருந்த உள்ளூர்க் குழு, அவர் மேல் நம்பிக்கை இல்லை என்று வாக்களித்தது. அதற்கும் சட்ட பலம் இல்லை.

காரணம், 2011 சட்டத்தில் ஆணையரை நீக்குவதற்கு வழியே வைக்கவில்லை. சிறைத் தண்டனை கிடைக்கக்கூடிய கடுமையான குற்றச்சாட்டு நீதிமன்றத்தில் பதிவானால் இடைநீக்கம் செய்யலாம். மற்றபடி அடுத்த தேர்தல் வரை அவர் இருக்கலாம். அந்தப் பதவியை உருவாக்கிய உள்துறை அமைச்சர் தெரேசா மே. அவராலேயே ரைட்டை வெளியேற்ற முடியவில்லை.

கடைசியில் அழுத்தம் தாங்காமல் 2014 செப்டம்பர் 16 அன்று ரைட் தானாகவே விலகினார். மூன்று வாரங்கள் ஒரு நாடே "போ" என்று சொன்ன பிறகு.

அடுத்து வந்தவருக்கு என்ன ஆனது?

2014 அக்டோபர் 30 அன்று நடந்த இடைத்தேர்தலில் ஆலன் பில்லிங்ஸ் வென்றார். ஆங்கிலிக்கன் பாதிரியார், ஷெஃபீல்ட் நகர மன்றத்தின் முன்னாள் துணைத் தலைவர். இவ்வளவு பெரிய ஊழலுக்குப் பிறகும் ஓட்டுப் போட வந்தவர்கள் 15 விழுக்காட்டுக்கும் குறைவு.

பில்லிங்ஸ் வேறு பக்கம் சிக்கினார். 1989-இல் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் நடந்த நெரிசல் மரணங்கள் குறித்த விசாரணையின் முடிவு 2016 ஏப்ரலில் வந்தது. இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என்றும், அன்றைய போலீசின் தவறுகள் அதற்குக் காரணம் என்றும் ஜூரி முடிவு சொன்னது. மக்கள் கோபம் கொதித்தது. மறுநாளே பில்லிங்ஸ், தெற்கு யார்க்‌ஷர் போலீஸ் தலைவர் டேவிட் குராம்ப்டனை இடைநீக்கம் செய்தார். பிறகு பதவி விலகவும் வைத்தார். 2017-இல் உயர் நீதிமன்றம் இந்த முடிவுகள் சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது.

ஒரே வட்டாரம், இரண்டு பாடம். முதலாமவரை யாராலும் நீக்க முடியவில்லை. இரண்டாமவர் மக்கள் கோபத்தின் வேகத்தில், நீதிமன்றம் ஏற்காத முறையில் நீக்கினார். ஓட்டு வாங்கி வந்ததால் மட்டும் கண்காணிப்பு சரியாக நடந்துவிடாது என்பதற்கு இரண்டுமே சாட்சி.

2024 மே மாதம் தெற்கு யார்க்‌ஷரில் அந்தப் பதவி முடிவுக்கு வந்தது. அதிகாரங்கள் வட்டார மேயர் ஆலிவர் கோப்பார்டிடம் போயின. மற்ற வட்டாரங்களிலும் 2028 மே மாதத்தோடு இந்தப் பதவி ஒழிக்கப்படும், மேயரோ உள்ளூர் மன்றப் பிரதிநிதிகளின் குழுவோ அந்த வேலையைப் பார்ப்பார்கள் என்று அரசாங்கம் அறிவித்தது. சொன்ன காரணங்களில் ஒன்று: தங்கள் ஆணையர் யார் என்றே பெரும்பாலான மக்களுக்குத் தெரியவில்லை.

மலேசியா எந்த வழியில் போனது?

நாம் தேர்தல் வழிக்குப் போகவில்லை, ஆணையம் அமைக்கும் வழிக்குப் போனோம். 2004-இல் துன் முகமட் ஸைடின் அப்துல்லா தலைமையில் அரச ஆணையம் அமைந்தது. 2005-இல் அது 125 பரிந்துரைகளைத் தந்தது. அதில் அதிகம் பேசப்பட்டது, போலீஸ் மீதான புகார்களை விசாரித்து, தண்டிக்கவும் அதிகாரமுள்ள சுயேச்சை ஆணையம். சுருக்கமாக ஐ.பி.சி.எம்.சி.

அந்த ஆணையம் வரவே இல்லை. நடந்தது இதுதான்:

– 2009-இல் பல அமலாக்கத் துறைகளுக்கும் பொதுவான ஓர் ஆணையத்துக்குச் சட்டம் வந்தது.
– 2019-இல் ஐ.பி.சி.எம்.சி. மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. 2020 பிப்ரவரியில் அரசாங்கம் கவிழ்ந்தது. மசோதாவும் அதோடு போனது.
– 2022-இல் ஐ.பி.சி.சி. எனும் போலீஸ் நடத்தை குறித்த சுயேச்சை ஆணையத்துக்கான சட்டம் நிறைவேறியது. 2023 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

இரண்டு பெயர்களுக்கும் இடையில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் அந்த ஓர் எழுத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஐ.பி.சி.சி. விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம். ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது போலீஸ் படை ஆணையம்தான், அதாவது உள்துறை அமைச்சர் தலைமை வகிக்கும், தேசிய போலீஸ் படைத் தலைவர் உறுப்பினராக இருக்கும் அதே ஆணையம். வழக்கறிஞர்களும் மனித உரிமை அமைப்புகளும் இந்தச் சட்டத்தைப் "பல் இல்லாதது" என்று விமர்சித்ததற்குக் காரணம் இதுதான்.

ஊராட்சித் தேர்தல் திரும்ப வந்தால் மாறுமா?

மலேசியாவில் ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. அதே ஆண்டு செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச ஆணையம் அமைந்தது. ஆம், ம.இ.கா.வின் ஆதி நாகப்பன்தான். ஊராட்சி மன்றங்கள் தேர்தல் மூலமே அமைய வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976 ஊராட்சிச் சட்டத்தின்படி மன்ற உறுப்பினர்களை மாநில அரசாங்கம்தான் நியமிக்கிறது. பிஜே மாநகர் மன்றத்துக்கும் அதே நிலைதான்.

நாளைக்கே பிஜே டத்தோ பண்டாரை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தாலும், போலீஸ் அவர் கீழ் வராது. அதற்கு அரசியலமைப்பையே திருத்த வேண்டும். தெருவிளக்கு, சிசிடிவி, புதர் மண்டிய சந்து, இருட்டான நடைபாதை, இவையெல்லாம் அவர் பொறுப்பு. வழிப்பறியைக் குறைக்க இவையும் உதவும். ஆனால் புகாரை விசாரிக்காத அதிகாரியை அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

அப்படின்னா பிஜேக்காரர் எந்தக் கதவைத் தட்டுவது?

தாமான் வாட்ஸ்அப் குழுவில் அடுத்த முறை பேச்சு சூடானால், இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

– தெருவிளக்கு, சிசிடிவி, இருட்டான இடம்: மாநகர் மன்றமும் சட்டமன்ற உறுப்பினரும்.
– புகார் கொடுத்தும் விசாரணை நகரவில்லை, அதிகாரி தவறாக நடந்தார்: போலீசின் நெறிமுறை மற்றும் தர இணக்கத் துறை, அல்லது ஐ.பி.சி.சி. புகார் எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள்.
– தடுப்புக் காவலில் உரிமை மீறல்: சுஹாகாம் எனும் மனித உரிமை ஆணையம். மரணம் என்றால் மரண விசாரணை நீதிமன்றம்.
– வட்டாரத்துக்குப் போதிய போலீஸ் இல்லை, காவல் மரணம் பற்றிப் பதில் இல்லை: உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர். உள்துறை அமைச்சரை நேருக்கு நேர் கேள்வி கேட்க முடிந்த இடம் நாடாளுமன்றம்.

கடைசிக் கதவைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். சட்டமன்ற உறுப்பினரையும் நாடாளுமன்ற உறுப்பினரையும் சேர்த்து "ஒய்.பி." என்றே கூப்பிடுகிறோம். போலீஸ் விவகாரத்தில் இருவருக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஒருவரால் கடிதம் எழுதத்தான் முடியும். இன்னொருவரால் அமைச்சரை எழுந்து நின்று பதில் சொல்ல வைக்க முடியும்.

தெற்கு யார்க்‌ஷர் மக்களிடம் கேள்வி கேட்க ஒரு முகம் இருந்தது, ஆனால் அந்த முகத்தை மாற்றும் வழி இல்லை. நம்மிடம் அந்த முகமே உள்ளூரில் இல்லை, புத்ராஜெயாவில் இருக்கிறது. இரண்டு இடத்திலும் தேவை ஒன்றுதான்: கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும், தவறினால் விலகியாக வேண்டும் என்று சட்டத்தில் எழுதி வைப்பது.

அடுத்த தேர்தலில் பிஜேயில் வாக்கு கேட்டு வருபவர் "உங்கள் வட்டாரத்தைப் பாதுகாப்பாக மாற்றுவேன்" என்றால், நல்லது என்று சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐ.பி.சி.சி.க்குத் தண்டிக்கும் அதிகாரம் கொடுக்கும் திருத்தம் மக்களவைக்கு வந்தால், எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவீங்க?"